சரளைத் தடம்

சென்னியப்பன் தன் கிணற்றுத் தண்ணீரை ஒரு சொம்பு நிறைய மொண்டு, ஊரே பார்க்க அண்ணாந்து குடித்து முடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"பாத்துக்குங்க சாமி. என்ற பட்டறைக்கும் இந்தக் கெணத்துக்கும் நடுவால ஒரு வண்டி திரும்பற எடந்தான் இருக்குது. எளநி மாதிரி இருக்குது தண்ணி. மூணு தோட்டம் தாண்டி அக்கட்டால இருக்கற மயிலாத்தா கெணறு மஞ்சளாப் போச்சுன்னா, அதுக்கு நானுங்களா பொறுப்பு?"

கூட்டம் சிரித்தது. பின்வரிசையிலிருந்து யாரோ, "மயிலாத்தாக்கா கெணத்துல மஞ்சக்கெழங்கு வேக வெச்சிருப்பாங்க!" என்றான். சிரிப்பு இன்னும் கூடியது.

மயிலாத்தாள் சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "சிரிங்க சிரிங்க. உங்கூட்டுக் கெணத்துக்கு வந்தா அப்பத் தெரியும்" என்றாள். பக்கத்தில் நின்ற பொற்கொடி அந்தச் சொம்பையும் கிணற்றையும் மாறி மாறிப் பார்த்தாள். சென்னியப்பன் கேட்டது நியாயமான கேள்வி.

தொண்ணூற்றாறாம் வருஷத்துக் கோடை அது. பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே, குருடிமலை அடிவாரத்தில் இருந்தது அந்த ஊர். மோட்டார் பம்புக்கான உதிரிகளுக்குக் குரோம் முலாம் பூசும் பட்டறை ஒன்றைச் சென்னியப்பன் தன் தோட்டத்து மேல்கோடியில் போட்டிருந்தார். மழை பொய்த்து வெள்ளாமை கைவிட்ட காலத்தில் போட்டது; ஊரில் பல வீட்டுக்கு அதில்தான் வேலை. உதிரிகளைக் கழுவிய தண்ணீர் பட்டறைக்குப் பின்னால் வெட்டிய குழியில் போய் நிற்கும். மண் அதைக் குடித்துவிடும். அத்தோடு அது தீர்ந்துபோகிறது என்று அவர் மனசார நம்பினார்.

பொற்கொடி கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் மண்ணியல் பாடம் நடத்துகிறவள். தொண்டாமுத்தூரில் தோட்ட வேலைக்குப் போன குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள். ஒருநாள் அவள் அறைக்கு மயிலாத்தாள் கையில் ஒரு சோடா பாட்டிலோடு வந்து நின்றாள். டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த பாட்டில். உள்ளே மஞ்சள் நீராட்டுக்குக் கரைத்தது மாதிரித் தண்ணீர்.

"மாடு வாய வெக்க மாட்டீங்குதுங்க. கத்திரிச் செடி கருகிப்போச்சு. ஆப்பீசருங்க வந்து பட்டறையோரத்துக் கெணத்தப் பாத்தாங்க, நல்லாருக்குதுன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க. என்ற கெணத்த எட்டிக்கூடப் பாக்கலீங்க. நீங்களாச்சும் பாருங்க அம்மணி."

பொற்கொடி சோதித்தாள். குரோமியம். சந்தேகமே இல்லை. அந்த வட்டாரத்தில் குரோமியம் புழங்குகிற இடம் ஒன்றே ஒன்றுதான். ஆனால் அந்த இடத்துக்கு ஒட்டினாற்போல் இருக்கிற கிணறு சுத்தமாக இருக்கிறது. எண்ணெய்ச் சொட்டு காகிதத்தில் ஊறுவதுபோல அழுக்கு நாலாபக்கமும் பரவும், கிட்டத்தில் இருப்பது முதலில் கெடும், தூரத்தில் இருப்பது பிறகு கெடும் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். சென்னியப்பன் குடித்த சொம்புத் தண்ணீர் அந்த நினைப்பை அடித்துப் போட்டுவிட்டது.

கூட்டம் கலைந்ததும் அவள் மயிலாத்தாளிடம், "ஏனுங்கக்கா, உங்க கெணத்துக்குள்ள எறங்கிப் பாக்கட்டுங்களா?" என்றாள்.

"சேலையோட எப்படீங்க எறங்குவீங்க?"

"சுடிதார் வெச்சிருக்கறனுங்க. கெணத்துல எறங்கறது எனக்குப் புதுசில்லீங்க."

பழைய சதுரக் கிணறு அது. படிக்கல் பாதிவரை இருந்தது, மீதிக்குக் கயிறு. தண்ணீர் மட்டம் கோடையில் நன்றாகக் கீழே போயிருந்ததால் சுவர் முழுக்கத் திறந்து கிடந்தது. பொற்கொடி இறங்க இறங்கச் சுவரையே பார்த்துக்கொண்டு போனாள். மேலே செம்மண். அதற்குக் கீழே கைவைத்தால் வழுவழுவென்று களிமண். நடுநடுவே வெள்ளை வெள்ளையாகச் சுக்கான்கல். மறுபடி களிமண். எல்லாம் அவள் எதிர்பார்த்ததுதான்.

அப்புறம், தண்ணீருக்குச் சற்று மேலே, மேற்குச் சுவரில், ஓர் ஆள் படுத்துக் கிடக்கிற அகலத்துக்கு ஒரு பட்டை. அது களிமண் இல்லை. சரளை. உருண்டை உருண்டையான கூழாங்கல்லும் பருமணலும் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. அந்தப் பட்டையிலிருந்து மட்டும் தண்ணீர் கசிந்து இறங்கியது. இறங்கிய வழியெல்லாம் சுவரில் மஞ்சள் கோடு. மற்ற மூன்று சுவரிலும் ஒரு பொட்டு மஞ்சள் இல்லை; எதிரே கிழக்குச் சுவரில் மட்டும், தண்ணீர் மட்டத்தை ஒட்டி அதே சரளை மறுபடி தலைகாட்டியது.

பொற்கொடி ஒரு கல்லைப் பெயர்த்துக் கையில் உருட்டினாள். முனை என்பதே இல்லை. மலையிலிருந்து உருண்டு வந்து, தண்ணீரில் புரண்டு புரண்டு மழுங்கின கல். கிணற்றுக்குள்ளேயே அவள் போட்ட கூச்சலில் பொந்திலிருந்த புறாக்கள் பறந்தன.

"ஏனுங்க அம்மணி! பாம்பு கீம்பு கடிச்சுப்போடுச்சுங்களா?" மயிலாத்தாள் மேலிருந்து அலறினாள்.

"பள்ளமுங்கக்கா! இங்க ஒரு பள்ளம் ஓடியிருக்குது!"

மலையிலிருந்து வரும் ஓடையைப் பள்ளம் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். இப்போது ஊருக்குத் தெற்கே ஒரு பள்ளம் உண்டு. மழைக்கு மட்டும் ஓடும். ஆனால் எந்தக் காலத்திலோ அது இந்த வழியாக ஓடியிருக்கிறது. தன் கல்லையும் மணலையும் இங்கே கொட்டிவிட்டு, பிறகு தடம் மாறிப் போயிருக்கிறது. மேலே களிமண் வந்து மூடிவிட்டது. மேலே உழுகிறவனுக்குக் கீழே ஓர் ஓடை புதைந்து கிடப்பது எப்படித் தெரியும்?

அன்று சாயங்காலத்துக்குள் சென்னியப்பன் கிணற்றிலும் இறங்கிவிட்டாள். "தாராளமாப் பாருங்க டீச்சரம்மா" என்று அவரே கயிறு பிடித்தார். மேலிருந்து கீழ்வரைக்கும் ஒரே களிமண். சுவரில் ஈரம்கூட இல்லை. அடியில் பாறை வெடிப்பிலிருந்துதான் ஊற்று.

மேலே ஏறி வந்தவள் மூச்சு வாங்கச் சொன்னாள்: "உங்க கெணறு நல்லாருக்கறதுக்குக் காரணம் உங்க குழி சுத்தமா இருக்கறது இல்லீங்ணா. களிமண்ணு. சுத்தியும் செவுரு கட்டுன மாதிரி நிக்குது. உங்க குழித் தண்ணி இந்தப் பக்கம் வர முடியாம, லேசான தடம் தேடி, அந்தச் சரளைக்குள்ள பூந்து ஓடுது."

சென்னியப்பன் முகம் சிவந்துவிட்டது. "கண்ணுக்குத் தெரியாத பள்ளத்துல தெரியாத தண்ணி ஓடுதுன்னு சொன்னா நான் பட்டறைய மூடோணுமாக்கும்? நிரூபிங்க. நிரூபிச்சுப்போட்டீங்கன்னா, என்ற கையாலயே பூட்டறேன்."

"உங்க நெலத்துல தொளை போட உடுவீங்களா?"

"எங்க வேணா போடுங்க!"

கோட்டைமேட்டு முஸ்தபா கைபோர், அதாவது ஆட்களை வைத்துக் கையாலேயே குழாய் இறக்கித் துளை போடுவதில் கெட்டிக்காரர். முக்காலி, கப்பி, இரும்புக்குழாய் எல்லாவற்றையும் மெட்டடார் வேனில் ஏற்றிக்கொண்டு இரண்டு ஆட்களோடு வந்து இறங்கினார். பொற்கொடி மண்ணில் குச்சியால் கோடு கிழித்துக் காட்டியதைக் கேட்டுவிட்டு, "நான் இந்தப் பக்கம் எத்தனையோ போர் போட்டிருக்கேன் மேடம். களிமண்ணத் தவிர ஒண்ணும் வராது. கூழாங்கல்லு வந்துச்சுன்னா எங்கூட்டுல உங்களுக்குப் பிரியாணி. வரலேன்னா நீங்க போடணும்" என்றார்.

முதல் துளையில் களிமண். இரண்டாவதில் களிமண்ணும் சுக்கானும். மூன்றாவதிலும் அதேதான். வேடிக்கை பார்க்க வந்த சனம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டது. சென்னியப்பன் கட்டிலைப் போட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மோர் குடித்தார், எல்லாருக்கும் கொடுத்தார். பொற்கொடி மோரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். பள்ளம் என்றால் நேர்கோட்டிலா ஓடும்? வளைந்திருக்கும். எந்தப் பக்கம் வளைந்திருக்கும்? மலையைப் பார்த்தாள், மயிலாத்தாள் தோட்டத்தைப் பார்த்தாள், நிலத்தின் சாய்வைப் பார்த்தாள். கடைசியில் பட்டறைக்கு வடபுறம், யாரும் நினைக்காத ஒரு மூலையில் போய் நின்று, "இங்க" என்றாள்.

குழாய் இறங்கியது. செம்மண். களிமண். மறுபடி களிமண். முஸ்தபா உதட்டைப் பிதுக்கினார். அடுத்த குத்தில் இரும்பின் சத்தம் மாறியது. பொத்து பொத்தென்று விழுந்துகொண்டிருந்தது, கடகடவென்று பல்லைக் கடித்தது.

"நிறுத்து!" என்று முஸ்தபா கத்தினார். குழாயை மேலே இழுத்து, நுனியை ஒரு சட்டியில் தட்டினார். ஈரமான பருமணல் விழுந்தது. பின்னாலேயே டொக் டொக்கென்று மூன்று நாலு கூழாங்கல். சட்டியின் அடியில் தேங்கின தண்ணீர் மஞ்சளாக இருந்தது.

முஸ்தபா அந்தச் சட்டியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பந்தயத்தில் தோற்றவர் மாதிரியே தெரியவில்லை. "அல்லாவே, ஆத்தையே புதைச்சு வெச்சிருக்காங்க மேடம்!" மயிலாத்தாள் ஓடிவந்து பொற்கொடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

சென்னியப்பன் கட்டிலைவிட்டு எழுந்துவந்து சட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இங்க மஞ்சளிருக்குது. அங்கயும் மஞ்சளிருக்குது. இதேதான் அங்க போகுதுன்னு எப்படிச் சொல்றது?" அவர் குரலில் பழைய தெம்பு இல்லை. ஆனாலும் கேள்வி சரியான கேள்வி.

"உப்புக் கரைச்சு ஊத்துவோமுங்க" என்றாள் பொற்கொடி.

மறுநாள் மூட்டை மூட்டையாகக் கல்லுப்பைக் கரைத்து அந்தத் துளையில் ஊற்றினார்கள். தண்ணீரில் உப்பு கூடினால் முள் ஏறிக் காட்டும் ஒரு சின்னக் கருவியைக் கல்லூரியிலிருந்து கொண்டுவந்து மயிலாத்தாளிடம் கொடுத்து, காலையும் மாலையும் கிணற்றுத் தண்ணீரில் வைத்துப் பார்க்கச் சொன்னாள். சென்னியப்பனும் கூடவே நின்று பார்ப்பது என்று பேச்சு.

"எப்ப வருமுங்க?" என்று அவர் கேட்டார்.

பொற்கொடி கணக்குப் போட்டுத்தான் வைத்திருந்தாள். துளைகளில் வந்த மண்ணையெல்லாம், களிமண், மணல், சரளை எல்லாவற்றையும் சேர்த்து, சராசரி எடுத்து, அந்தச் சராசரி மண்ணில் தண்ணீர் எவ்வளவு வேகத்தில் நகரும் என்று பார்த்திருந்தாள். "வருஷக் கடைசியில வருமுங்க. அவசரப்படாம பாத்துக்கிட்டு வாங்க" என்றாள்.

ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. பொற்கொடி கரும்பலகையில் அதே கணக்கை எழுதி மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஆபீஸ் பியூன் வந்து போன் என்றார். ஓடிப்போய் எடுத்தாள். எஸ்.டி.டி. பூத்திலிருந்து மயிலாத்தாள் பேசுகிறாள், பேசுவதென்ன, கூவுகிறாள்.

"முள்ளு ஏறுதுங்க அம்மணி! நேத்துப் பொழுதோட லேசா ஏறுச்சு, நான் நம்பலீங்க. இன்னைக்குக் காத்தால பாத்தா குதிச்சு நிக்குது! சென்னியப்பண்ணனும் பாத்துப்போட்டாரு!"

பொற்கொடி வகுப்புக்குத் திரும்பி, பலகையில் எழுதியிருந்ததையெல்லாம் ஒரே இழுப்பில் அழித்தாள். "நான் போட்டது தப்பு!" என்று மாணவர்களிடம் சொன்னாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சராசரி எடுத்தது தப்பு. தண்ணிக்குச் சராசரி தெரியாது. நூறு அடி களிமண்ணு இருந்தாலும் ஒரு சாண் சரளை கெடச்சாப் போதும், அதுலயே ஓடிப்போகும்!" சொல்லிவிட்டு மொபட் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

மேட்டுப்பாளையம் ரோட்டில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே வண்டியை முறுக்கிக்கொண்டு போகையில்தான் அந்தச் சந்தோஷத்துக்குள் ஒரு முள் தைத்தது. உப்பு இத்தனை வேகத்தில் ஓடுகிறதென்றால் மஞ்சளும் அதே தடத்தில்தானே ஓடும்? மயிலாத்தாள் கிணற்றோடு அது ஏன் நிற்க வேண்டும்?

தோட்டத்தில் மயிலாத்தாளும் சென்னியப்பனும் கிணற்று மேட்டில் நின்றார்கள். வேறு வேலையாக வந்த முஸ்தபாவும் வேனோடு நின்றார். பொற்கொடி வண்டியை ஸ்டாண்டு போடக்கூட இல்லை. சாய்த்துப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"அக்கா, உங்க மோட்டார நிறுத்தி எவ்வளவு நாளாச்சுங்க?"

"தண்ணி மஞ்சளாப் போனதிலிருந்தே ஓட்டலீங்களே. எதுக்கு ஓட்டறது?"

"அதுவரைக்கும் உங்க மோட்டாரு பாதி மஞ்சளை இழுத்து வெளிய எடுத்துக்கிட்டிருந்துச்சு. நிறுத்துனதும் அது உங்களத் தாண்டிப் போகுது." அவள் கிழக்கே திரும்பினாள். மற்றவர்களும் திரும்பினார்கள். தென்னைகளுக்கு மேலே, ஊர்க்காரர்கள் பலர் குடியிருக்கிற காலனிக்குக் குடிதண்ணீர் கொடுக்கிற மேல்நிலைத் தொட்டி வெயிலில் வெள்ளையாக நின்றது. அதன் காலடியில் பஞ்சாயத்துக் கிணறு. மலையிலிருந்து ஒரு கோடு இழுத்தால் வரிசையாகக் குழி, துளை, மயிலாத்தாள் கிணறு, அப்புறம் அந்தத் தொட்டி.

முதலில் வேனில் ஏறியது சென்னியப்பன்தான். "எடுங்க பாய்!" என்றார்.

பஞ்சாயத்து மோட்டார் சீராக இரைந்துகொண்டிருந்தது. குழாயடியில் குடங்கள் வரிசை கட்டியிருந்தன. தண்ணீர் பார்வைக்குக் கண்ணாடிதான். பொற்கொடி பையிலிருந்து சோதனைக்குழலை எடுத்து அதில் தண்ணீர் பிடித்து, மருந்தைச் சொட்டினாள். குரோமியம் இருந்தால் அந்த மருந்து ஊதாவாக மாறும். எல்லாரும் தலையைக் குவித்துக்கொண்டு பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. முஸ்தபா மூச்சு விட்டார். அப்போதுதான், வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்த குழலில், ரோசாப்பூ இதழின் ஓரம் மாதிரி மெல்ல ஒரு நிறம் படர்ந்தது.

"வந்துருச்சு" என்றாள் பொற்கொடி. "இப்பத்தான் வருது. நெம்பக் கொஞ்சம். உடனே மோட்டார நிறுத்தோணும்."

மோட்டார் ஆபரேட்டர் வழிமறித்தார். "தலைவரு சொல்லாம நிறுத்த முடியாதுங்க. தொட்டி ரொம்பலீன்னா சனம் என்னையத்தான் பேசும்."

சென்னியப்பன் அவரை விலக்கிவிட்டு மோட்டார் ரூமுக்குள் நுழைந்து சுவிட்சைக் கீழே இறக்கினார். இரைச்சல் அடங்கியது. "தலைவரு கேட்டா சென்னியப்பன் நிறுத்திப்போட்டான்னு சொல்லு. எதுக்குன்னு கேட்டா, எங்கூட்டுக்கு வரச் சொல்லு, நானே சொல்லிக்கறேன்" என்றார். குடத்தோடு நின்ற பெண்களைப் பார்த்து, "புடிச்ச தண்ணியக் கீழ கொட்டிப்போடுங்க தாயி. சித்த நேரத்துல என்ற டிராக்டர்ல டேங்கரு வரும்" என்றார்.

அன்று பொழுது சாய்வதற்குள் பட்டறைக்குப் பூட்டு விழுந்தது. சொன்னபடி அவர் கையாலேயே பூட்டினார். வேலையிழந்தவர்கள் சிலர் பொற்கொடியை முறைத்தார்கள். பிறகு அந்த ஆட்களையே சென்னியப்பன் குழியில் ஊறிய மண்ணைத் தோண்டி எடுக்கும் வேலைக்கு வைத்துக்கொண்டார். மாதங்கள் கழித்து, கழுவுகிற தண்ணீரை வெளியே விடாமல் தொட்டியில் சுத்தம் பண்ணித் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாட்டோடுதான் பட்டறை மறுபடி திறந்தது.

ஆனால் உள்ளே புகுந்த மஞ்சளை என்ன செய்வது? பொற்கொடி மயிலாத்தாளிடம்தான் போய் நின்றாள்.

"அக்கா, உங்க மோட்டார விடாம ஓட்டோணும். காலனிக்குப் போற மஞ்சளை உங்க கெணத்துலயே புடிச்சு நிறுத்திப் போடலாமுங்க. ஆனா இந்த வருஷம் வெள்ளாமை வெக்க முடியாது."

"வெள்ளாமை கருகித்தானுங்க கெடக்குது. ஓட்டுங்க. மஞ்சக்கெழங்கு வேக வெக்கறேன்னு சிரிச்சானுங்கல்ல, அவனுங்க பொண்டாட்டிக குடத்துக்கு என்ற கெணறு காவல் நிக்கட்டும்!"

காட்டில் பெரிய குட்டை வெட்டி பிளாஸ்டிக் தார்ப்பாய் விரித்தார்கள். மஞ்சள் தண்ணீர் அதில் கொட்டியது. அதில் அன்னபேதி என்னும் இரும்பு உப்பைக் கரைத்து, சுண்ணாம்பைப் போட்டுக் கலக்கினால், மஞ்சள் கண்ணெதிரே செத்து, பச்சையும் பழுப்புமாக வண்டல் அடியில் படியும். தெளிந்த தண்ணீர் மேலே நிற்கும். வண்டலை அள்ளிச் சிமெண்டுத் தொட்டியில் போட்டு மூடினார்கள். முதல் தடவை அது தெளிந்தபோது ஊரே வந்து பார்த்தது. முஸ்தபா வீட்டுப் பிரியாணி அன்றைக்குத்தான் ஓர் அண்டாவில் வந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு பெய்தது. மலையிலிருந்து வந்த புதுத்தண்ணீர் சரளைக்குள் புகுந்து அலசிவிட்டுப் போனது. தைப்பொங்கல் வருவதற்குள் மயிலாத்தாள் கிணற்றில் மருந்து ஊதாவாக மாறுவது நின்றுவிட்டது. வேகமாகக் கெட்ட கிணறு வேகமாகத் தேறிவிட்டது. பஞ்சாயத்து மோட்டார் மறுபடி ஓடியது. மயிலாத்தாள் பொங்கலன்று மாட்டை ஓட்டிவந்து தன் கிணற்றிலிருந்து இறைத்த தொட்டித் தண்ணீரில் வாய் வைக்கச் செய்துவிட்டு, அது குடித்து முடிக்கிறவரை பக்கத்திலேயே நின்றாள்.

மாசிமாதம் ஒரு காலையில் சென்னியப்பன் கல்லூரிக்கே வந்துவிட்டார். கையில் ஒரு பாட்டில். உள்ளே தண்ணீர் நிறமில்லாமல்தான் இருந்தது. "என்னமோ சந்தேகமா இருக்குதுங்க. பாருங்க" என்றார். பொற்கொடி மருந்தைச் சொட்டினாள். லேசான ஊதா.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "குழியத் தோண்டியாச்சு. பட்டறையிலிருந்து சொட்டுத் தண்ணி வெளிய போறதில்ல. அந்தம்மா கெணறு தேறிப்போச்சு. இப்பப் போயி எதுக்குங்க?"

"களிமண்ணுங்ணா" என்றாள் பொற்கொடி மெதுவாக. "இத்தனை வருஷமா உங்க குழியச் சுத்தி இருந்த களிமண்ணு கொஞ்சங்கொஞ்சமா மஞ்சளை உறிஞ்சி வெச்சிருக்குது. சரளை வாங்குனதை அப்படியே கொடுத்துப்போட்டு ஓஞ்சிருச்சு. களிமண்ணு அப்படியில்லீங்க. மெதுவா வாங்கும், மெதுவாத்தான் உடும். அது ஊறி ஊறி இப்பத்தான் உங்க கெணத்துக்கு வந்து சேந்திருக்குது."

"எத்தனை வருஷம் உடும்?"

"தெரியலீங்ணா. எனக்கு மட்டுமில்ல, சரியாச் சொல்றதுக்கு ஆளே இல்லீங்க." அவள் எழுந்து சன்னலருகே போய்த் திரும்பி வந்தாள். உட்கார முடியவில்லை அவளால். "ஆனா உங்க தோட்டத்துல பாத்துச் சொல்லலாமுங்க. குழியிலிருந்து கெணறுவரைக்கும் வரிசையாத் தொளை போட்டு, ஒவ்வொரு அடியிலயும் களிமண்ணை எடுத்து, எது எவ்வளவு புடிச்சு வெச்சிருக்குதுன்னு பாக்கலாம். வருஷா வருஷம் பாத்தா, அது எந்த வேகத்துல வெளிய வருதுன்னு தெரியும். அதுவரைக்கும் குடிக்கறதுக்கு..."

"மயிலாத்தா கெணத்துத் தண்ணியத்தான் கேக்கோணும்" என்றார் சென்னியப்பன். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கேட்டுப்போட்டுத்தான் வந்தேன். நாலு பேச்சுப் பேசினா. அப்பறம் பைப்பு போட்டுக்கச் சொல்லிப்போட்டா."

பொற்கொடி போனை எடுத்து முஸ்தபாவின் எண்ணைச் சுழற்றினாள். மறுமுனையில் எடுத்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "பாய், நாளைக்குக் காலைல குழாயெல்லாம் ஏத்திக்கிட்டு வந்துருங்க. இந்தத் தடவ நமக்கு வேண்டியது களிமண்ணு!"